பட்டம்மாளின் திரைப்பாடல்களும் அவர் சங்கீதமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளைப் பற்றி வந்த கட்டுரையை, அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் வசிப்பவன் என்ற உரிமையோடு இரண்டு முறை வாசித்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை, கற்ற மரபு வழுவாமல் பாடும் அவருடைய பாடாந்தர சுத்தத்தையும், பெண்களுக்கு உரியதல்ல என்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவி என்ற கடினமான கச்சேரிப் பகுதியை அவர் மேடையில் நிலைநாட்டியதையும் கட்டுரையாளர் நிறைவாகவே எழுதியிருந்தார். ஆனால், 'சில திரைப்படங்களிலும் பாடியிருக்கிறார்' என்ற ஒற்றை வரியோடு திரையிசையைக் கடந்து போனது வருத்தம் அளித்தது.

எங்கள் குடும்பத்தில் கச்சேரிக்குப் போய் வரும் வசதி யாருக்கும் இருந்ததில்லை. அப்பா வைத்திருந்த, சாவி கொடுத்துச் சுழலவிடும் கிராமபோனும் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும்தான் எங்களுக்கு சபா. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே இடம் தந்த அந்தத் தட்டில் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' என்று அவர் குரல் எழும்போது, ஊசியின் கரகரப்பையும் மீறிப் 'பள்ளு' என்ற சொல்லில் ளகரம் அழுத்தமாக வந்து விழும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்துத்தான்.

1939-இல் வெளிவந்து, பின்னர் ஆங்கிலேய அரசு தடை விதித்த 'தியாகபூமி'யிலேயே அவர் தேசபக்திப் பாடல் பாடிவிட்டார். 1947-இன் தொடக்கத்தில், நாடு இன்னும் அடிமைப்பட்டிருந்தபோதே, ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலாவின் நடனத்துக்கு அவர் குரல் கொடுத்த அதே 'ஆடுவோமே' பாடல், 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று முழங்கியது. 1921-இலேயே மறைந்துவிட்ட பாரதியின் அந்த வரி, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களின் வாயிலும் புகுந்தது கொட்டகைகளின் வழியாகத்தான். அடுத்து 'வேதாள உலகம்' படத்தில் 'தீராத விளையாட்டுப் பிள்ளை', 'வாழ்க்கை' படத்தில் 'பாரத சமுதாயம் வாழ்கவே' என்று அந்த வரிசை நீண்டது. தேசபக்தியும் தெய்வபக்தியும் கொண்ட பாடல்களை மட்டுமே பாடுவேன் என்ற உறுதியை அவர் தளர்த்திக்கொள்ளவே இல்லை. எண்பது வயதை எட்டிய பிறகும், 2000-இல் வெளியான 'ஹே ராம்' படத்துக்காக அவர் பாடியது காந்தியடிகளுக்கு உகந்த 'வைஷ்ணவ ஜனதோ'தான். மேடையில் கடைப்பிடித்த அதே கண்டிப்பை ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் கொண்டுசென்ற ஒருவரின் திரைப்பாடல்களை, அவருடைய சங்கீதத்திலிருந்து பிரித்து ஓரமாக வைப்பது எப்படி நியாயமாகும்?

சென்ற சுதந்திர தினத்தன்று ஒரு பள்ளி விழாவில் 'ஆடுவோமே' பாடலை ஒலிபரப்பியபோது, 'பழைய படப்பாடல்' என்று மட்டும் அறிவித்தார்கள். பாரதியின் பெயரைக்கூடச் சொன்னார்கள். பாடியவர் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் இந்தக் காஞ்சி மாநகரில்! எனக்கு மனம் தாங்கவில்லை.

இத்தகைய பாடல்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் படத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு பாடியவர் பெயரையும் தவறாமல் அச்சிடுமாறு வேண்டுகிறேன். வருகிற ஆகஸ்ட் 15-க்கான சிறப்புப் பக்கத்தில் பட்டம்மாளின் திரைப்பாடல்களின் முழுப் பட்டியலைத் தாங்கள் வெளியிட்டால், அதைக் கத்தரித்து அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காஞ்சிபுரம்.