செல்வத்துக்கு, இஸ்தான்புல்லிலிருந்து

செல்வம்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக பாலு சொன்னான், சந்தோஷம். இங்கே குளிர் மட்டும்தான் பிரச்சினை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், உன்னிடம் கொட்டாவிட்டால் தூக்கம் வராது.

இங்கே கடிக்கோய் என்ற பகுதியில் ஒரு சின்னக் குழு பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேரின் ‘கட்டாயக் கல்யாண’த்தைப் போட்டார்கள். அஹ்மத் வெஃபிக் பாஷா துருக்கி மொழிக்கு மாற்றியது, கல்யாணத்துக்கு அலையும் நாயகன் ஸ்கனாரெல் அதில் இவாஸ் ஆகா. (பாஷா 1879-ல் புர்ஸாவுக்கு கவர்னராகப் போய்த் தியேட்டரே நடத்தினார், அதிகாரிகளெல்லாம் நாடகத்துக்கு வந்தே ஆகவேண்டுமாம். நம்ம வாத்தியார் கேட்டால் பூரித்துப்போவார்!) அதை ‘ஓர்த்தா ஓயுனு’ (நம்ம கூத்து மாதிரி துருக்கியின் பழைய நாடகம்) பாணியில் செய்கிறோம் என்று போஸ்டர். முதல் அரை மணி நேரம் எரிச்சல்தான். பெரிய கவுக் தொப்பியோடு கோமாளி கவுக்லு, பலகையைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்தும் பிஷேகார், பெண் வேஷத்தில் ஆண், ஸுர்னா இசை, எல்லாம் இருந்தது, ஆட்டம் மட்டும் இல்லை. சுற்றிலும் ஜனம் உட்கார, எழுதின வசனமே இல்லாமல் திறந்தவெளியில் ஆடியதைத் தூக்கி மேடைக்குள் வைத்து லைட் போட்டால் அது வெறும் காலண்டர் படம்.

அப்புறம் அந்தத் தத்துவவாதி காட்சி. கல்யாணம் பண்ணலாமா என்று கேட்க வந்தவனை வாயே திறக்கவிடாமல், தொப்பிக்கு ‘வடிவம்’ என்று எவனோ சொல்லிவிட்டான், ‘உருவம்’ என்றல்லவா சொல்லணும் என்று கத்துவானே, அதுதான். அந்த நேரம் பார்த்துக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தாமதமாக உள்ளே வந்தார். நடிகன் விடவில்லை, “ஐயா, உங்கள் தொப்பிக்கு வடிவமா, உருவமா?” பெரியவர் நின்று யோசித்து, “முந்நூறு லிரா” என்றார். உடனே பிஷேகார், “அப்படியானால் கல்யாணச் செலவையும் இவரிடமே கேட்போம்” என்று பிடித்துக்கொள்ள, காட்சி எங்கேயோ போய்விட்டது, இவாஸ் ஆகா நிஜமாகவே பேச முடியாமல் தவித்தான், மோலியேர் கேட்டதும் அதுதானே. அந்த ஆளும் பாரிஸில் இத்தாலியக் கோமாளிகளோடு ஒரே தியேட்டரைப் பங்குபோட்டுத் தொழில் கற்றவர்தான்.

பழைய கோமாளி நடிகர் கெல் ஹசனின் கவுக் தொப்பி நடிகர் கைமாறி நடிகர் கைக்கு வந்தது; தும்புல்லு அதை 1968-ல் முனீர் ஓஸ்குலுக்குக் கொடுத்தார், அவர் 1989-ல் ஃபெர்ஹான் ஷென்சோய்க்கு. இங்கே அதற்குப் பெரிய மரியாதை. எனக்கு அன்றைக்குத் தொப்பி பெரிதாகத் தெரியவில்லை, எதிராளி சொன்னதைக் கீழே விழாமல் பிடித்த அந்த பிஷேகார்தான் தெரிந்தான்.

அதனால்தான் உன்மேல் பயம். ஹாம்லெட்டில் கூத்து சேர்க்கிறாயாம், முகவீணைக்கு ஆள் பார்த்தாகிவிட்டதாம், கிரீடத்துக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டாயாம். கட்டியங்காரன் யார்? அவன் இஷ்டத்துக்குப் பேச ஸ்கிரிப்ட்டில் இடம் விட்டிருக்கிறாயா, இல்லை அவனுக்கும் நீயே எழுதிவிட்டாயா? அனுப்பு, படிக்கிறேன். பாலுவைப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடு.

ரவி