சரிவு நிலத்தில் வெறுந்தரை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செம்பனை (எண்ணெய்ப் பனை) சிறுதோட்டங்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கிறது. ஆள் பிடித்து, கிளைபோசேட் களைக்கொல்லி கலந்து, மரத்தடி முதல் எல்லை வரை ஒரு புல் விடாமல் மருந்தடித்து விடுகிறார்கள். பார்ப்பவர்களும் தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சுகிறார்கள். சரிவு நிலத்தில் அப்படி வெறுந்தரை ஆக்கினால் மேல்மண்ணும், காசு கொடுத்துப் போட்ட உரமும் முதல் பெருமழையிலேயே கால்வாய்க்குப் போய்விடும்.

ஜொகூரில் எங்கள் ரெங்கம் வட்டாரத்து மண்வகைக்கு மண்ணியலில் ஊர்ப் பெயரையே வைத்து 'ரெங்கம் தொடர்' என்கிறார்கள். கருங்கல் சிதைந்து உண்டான, பருமணலும் களியும் கலந்த மண் அது. புளிப்பு அதிகம், சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. இருக்கும் கொஞ்ச சக்தியும் மேலே உள்ள சில அங்குல மட்கு மண்ணில்தான் இருக்கிறது. அது கரைந்துவிட்டால் பொட்டாஷ் உரம் எத்தனை மூட்டை போட்டாலும் நிற்காது.

பால்மர (ரப்பர்) காலத்திலும் இந்தத் தவறு நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரையைச் சுரண்டிச் சுரண்டி வெறுமையாக வைப்பதே நல்ல நிர்வாகம் என்று மலாயாத் தோட்டங்கள் நம்பின. மண் அரித்து ஆறுகள் தூர்ந்த பிறகுதான் தரையை மூடிப் படரும் மூடுபயிரும், அரித்து வரும் மண்ணைப் பிடிக்கும் மண்குழியும் வந்தன. நூறு ஆண்டு கழித்தும் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டுமா?

மருந்து வேண்டியது மரத்தைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வட்டத்துக்கும் பழம் சுமக்கும் பாதைக்கும் மட்டுமே. நடு வரிசையில் லாலாங் புல், மிக்கானியா கொடி, கட்டைச் செடிகள் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து அழியுங்கள். பெரணியையும் மெல்லிய புல்லையும் தொடாதீர்கள். மழைத்துளியின் அடியைத் தாங்குபவை அவைதான்.

வெட்டிய மட்டையை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மேலிருந்து கீழாக நீளவாக்கில் அடுக்கினால் அதன் ஓரமே ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, அணை போட்டது போல அடுக்க வேண்டும். குறுக்குக் கோடு கண்ணளவில் சரியாக வராது. இரண்டு மீட்டர் கம்புகள் இரண்டை ஆங்கில ஏ (A) எழுத்து வடிவில் குறுக்குச் சட்டத்தோடு கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து, கயிறு குறுக்குச் சட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளுக்கும் நடுவில் குறி போடுங்கள். கயிறு அந்தக் குறியில் நிற்கும் இடமெல்லாம் சமமட்டம். முதிர்ந்த மரங்களின் சல்லி வேர் மட்டைக் குவியலுக்கு அடியில் நிறைய ஓடும். அதனால் உரத்தையும் குவியலின் ஓரத்திலேயே தூவலாம். கனமழை மாதங்களில் உரமிடுவதைத் தள்ளிப் போடுங்கள்.

தள்ளுவண்டிப் பாதை நேர் இறக்கமாக இருந்தால் இரண்டு மழையில் பள்ளமாகும். வேறு வழியில்லாத இடத்தில், சில மீட்டருக்கு ஒன்றாகச் சாய்வான சிறு மண்மேடு கட்டி, தண்ணீரை மட்டைக் குவியலுக்குள் திருப்புங்கள். மண்குழி வெட்டினால் நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். அள்ளிய மண்ணைக் கீழ்க்கரையில் போடுங்கள். மேலே போட்டால் அதே மண் குழியைத் தூர்த்துவிடும். குழிகளை ஒரே நேர்கோட்டில் வெட்டினால் ஒன்று நிரம்பி அடுத்ததை உடைக்கும், ஆகவே மாற்றி மாற்றி அமையுங்கள்.

மறுநடவு செய்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. அப்போதுதான் தரை முழுக்கத் திறந்து கிடக்கும். 25 பாகைக்கு மேல், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் ஏறும் சரிவில் மீண்டும் நடாதீர்கள். அதற்குக் குறைவான மேடுகளில் படி வெட்டும்போது, படியின் தரை மேட்டுப்பக்கம் உள்வாங்கிச் சாய வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்த படி, படியே வெட்டாததை விட மோசம். படியின் விளிம்பில் மருந்து அடிக்கவே கூடாது.

மூடுபயிருக்கு முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடி அடர்த்தியாகப் படரும். அதன் விதைத்தோல் கடினமானது. நகவெட்டியால் ஓரத்தைச் சிறிது கிள்ளி, இரவு முழுதும் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆனால் அது இளங்கன்றுகள் மேல் ஏறி குருத்தை நெரிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடியை இழுத்துவிட ஆள் இல்லாதவர்கள், பியூரேரியா, கலப்போகோனியம் என்ற மூடுபயிர்க் கொடிகளைக் கலந்து விதைப்பதே நல்லது.

செம்பனை ஆலைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழம் இறக்கிய சிறுதோட்டக்காரரின் லாரி வெறுமையாகத் திரும்புகிறது. அதில் பழம் உதிர்த்த வெற்றுக்குலையை ஏற்றிவிடுங்கள். பொட்டாஷ் நிறைந்த பொருள் அது. வாங்கி வருபவர்கள் குவித்து வைக்காமல், மரங்களுக்கு இடையில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, பிறகு குருத்தைத் துளைக்கும்.

இப்படிக்கு,
செம்பனைச் சிறுதோட்டக்காரர்,
ரெங்கம், ஜொகூர்.