பேக்வெல் ஸ்டேஷன் கையேடு: என் தப்புகளைத் திருத்தியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கையேடு ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. நாற்பது பக்கம், நடுவில் எட்டுப் பக்கம் படங்கள். போன சனிக்கிழமை நம் குழுவின் நடைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் தனி ஆளா பண்ணீங்களா?" என்று கேட்டபோது கூச்சமாகப் போய்விட்டது. முதல் வரைவை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் தனி ஆளாக நான் சாதித்தது என்று பார்த்தால் அந்தத் தப்புகள்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்தியவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை, படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பேக்வெல் என்பது இங்கிலாந்தின் டெர்பிஷயரில், வை ஆற்றங்கரையில் இருக்கும் சந்தை ஊர். திங்கட்கிழமை சந்தை. புட்டிங்குக்குப் பேர் போன ஊர் என்பதால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், ரயிலில் மட்டும் வர முடியாது. டெர்பியில் ஏறினால் மேட்லாக்கோடு ரயில் முடிந்துவிடும், அப்புறம் பஸ்தான். ஆனால் ஊருக்கு மேலே சரிவில் கல்லால் கட்டிய ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. பிளாட்பாரமும் இருக்கிறது. தண்டவாளம் கிடந்த இடத்தில் சைக்கிள் போகிறது, நாய் போகிறது, நம் ஆட்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு போகிறார்கள். இது எப்படி ஆச்சு என்று என் மகள் கேட்டதில் தொடங்கியதுதான் எல்லாம்.

முதல் நன்றி பேக்வெல்லிலேயே பிறந்து வளர்ந்த அந்த எண்பத்து நாலு வயது அம்மாவுக்கு. பிளாட்பாரத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "1967 மார்ச் 6, இங்கே கடைசி ரயில் நின்ற நாள்" என்று கையிலிருந்த குறிப்பைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அது கடைசி ரயில் வந்த நாள் இல்லை தம்பி, ரயிலே வராத முதல் நாள்" என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்ன செல்ல வார்த்தைக்குத் 'தம்பி'யை விடப் பொருத்தமாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.) மூடிய தேதி என்று இங்கே பதிவு செய்வது சேவை இல்லாமல் போன முதல் நாளைத்தானாம். வீட்டுக்கு வந்து காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1967 மார்ச் 6 திங்கட்கிழமை. சந்தை நாள்! நூறு வருஷத்துக்கு மேல் ரயில் நின்ற ஊரில், ரயில் இல்லாத முதல் விடிகாலை சந்தை நாளாக விடிந்திருக்கிறது. தேதியை அதுவரை பத்து முறையாவது எழுதியிருப்பேன், ஒரு முறைகூட என்ன கிழமை என்று பார்க்கத் தோன்றவில்லை. அம்மா, கையேட்டின் முதல் வரி இப்போது அந்தத் திங்கட்கிழமைதான்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். ஸ்டேஷன் ஏன் ஊரை விட்டு இவ்வளவு மேலே இருக்கிறது என்று நான் பெரிய வரலாற்றுக் காரணமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர், "காரணம் எதுவோ, கைக்குழந்தையோடும் பையோடும் இந்த ஏற்றத்தை ஏறிப் பார்த்தவர்கள் பஸ் வந்ததும் ஏன் பஸ்ஸுக்குப் போனார்கள் என்று கேட்கமாட்டார்கள்" என்றார். போன வாரம் நம் நடையில் அந்த மேட்டில் மூச்சு வாங்க நின்றவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது, டெர்பியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். ஐயா, உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது, ஏனென்றால் நீங்கள் திருத்தியது எண்ணிக்கையில் அதிகம். ஹாடன் சுரங்கத்தின் நீளம் 1,058 மீட்டர் என்று எழுதியிருந்தேன். "மீட்டரா? யார் அளந்தது, பிரெஞ்சுக்காரனா?" என்று கேட்டீர்கள். 1,058 கஜம். மீட்டரில் 967தான் வரும். ஒரே அடியில் மலைக்குள் தொண்ணூறு மீட்டர் சொந்தமாகக் குடைந்திருக்கிறேன்.

அந்தச் சுரங்கத்தின் கதையை நீங்கள் சொன்ன மாதிரியேதான் எழுதியிருக்கிறேன். மலையை ஊடுருவ வேறு வழியில்லாமல் தோண்டியது இல்லை அது. பக்கத்தில் ஹாடன் ஹால் என்ற பழைய மாளிகை, ரட்லண்ட் பிரபுவுடையது. தன் நிலத்தின் வழியாக ரயில் போகலாம், ஆனால் கண்ணில் படக் கூடாது. அதனால் பெரும்பாலும் மேலேயிருந்து வெட்டி, கூரை போட்டு, மண்ணைத் திரும்ப மூடி மறைத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம், ஒருவர் பார்வைக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க! இதைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஸ்டேஷன் கட்டடத்தின் கல்லில் அதே பிரபு குடும்பத்துச் சின்னத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ரயில் தெரியக் கூடாது, பேர் மட்டும் தெரிய வேண்டும். பேக்வெல் அளவு ஊருக்கு இவ்வளவு அலங்காரமான ஸ்டேஷன் கிடைத்ததற்குக் காரணமும் அவர்தான் என்பதால் ரொம்பத் திட்டவும் முடியவில்லை.

சாட்ஸ்வர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவோடு அவரைக் குழப்பியிருந்தேன், அதையும் நீங்கள்தான் பிரித்துக் கொடுத்தீர்கள். டெவன்ஷயர் தரப்பு முதலில் ரயிலை வேண்டாம் என்றது, பிறகு மனசு மாறி அடுத்த நிறுத்தமான ஹாசப்பைத் தங்களுக்கென்று வாங்கிக்கொண்டது என்று சொல்வார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் பொடிநடையாகவே போய்விடலாம். இரண்டு பிரபுக்களுக்கு ஆளுக்கொன்று!

பாதை ஏன் இந்தப் பள்ளத்தாக்கில் வந்தது என்ற பகுதியில் நான் எழுதியது எல்லாமே ஊகம். நீங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவையும் உப்பு ஜாடியையும் மேஜையில் நகர்த்தி நகர்த்தி விளக்கினீர்கள். 1849இலேயே ரயில் ரோஸ்லி வரை வந்துவிட்டது. பேக்வெல் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் 13 வருஷம் அங்கேயே நின்றது. அந்தப் பழைய பாதையில் எதிராளியான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனிக்கும் பங்கு இருந்ததால், மான்செஸ்டர் போக மிட்லண்ட் ரயில்வே தன் சொந்த வழியைப் போட வேண்டியதாயிற்று. 1862 ஆகஸ்ட் 1 பேக்வெல், 1863 பக்ஸ்டன், 1867 மான்செஸ்டர். ரோஸ்லியிலிருந்து பாதை மலை உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது, பேக்வெல்லுக்காக ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டு மறுபடி ஏற முடியாது. ஊர்க்காரர்கள் மேடேறியதற்கு அதுதான் காரணம். அப்படிப் பார்த்தால் பேக்வெல் அந்த ரயில் போக வேண்டிய இடமாக என்றைக்கும் இருந்ததில்லை, போகிற வழியில் இருந்த ஊர், அவ்வளவுதான். கையேட்டில் நான் சொல்ல வந்த விஷயமே இது என்று அன்றைக்கு ராத்திரிதான் எனக்கே தெரிந்தது.

சரி, பெரிய தப்புக்கு வருகிறேன். "பீச்சிங் மூடிய ஸ்டேஷன்" என்று முதல் வரைவின் தலைப்பிலேயே போட்டிருந்தேன். இங்கே மூடிக் கிடக்கும் எந்த ஸ்டேஷனைக் காட்டினாலும் யாராவது ஒருவர் பீச்சிங் என்பார், நானும் அந்தப் பாட்டைத்தான் பாடினேன். பீச்சிங் அப்போது பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர், 1963இல் வந்த அவருடைய அறிக்கை பல ஊர்களில் ரயிலை நிறுத்தியது உண்மை. ஆனால் அவர் 1965இலேயே ரயில்வேயை விட்டுப் போய்விட்டார். பேக்வெல் மூடியபோது போக்குவரத்து அமைச்சர் தொழிற்கட்சியின் பார்பரா காஸில். ஸ்டேஷன் மூடிய பிறகும் பாதை மூடவில்லை என்பதையும் பெரியவர்தான் எடுத்துக் காட்டினார். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் போகும் விரைவு ரயில்கள் 1968 ஜூலை வரை, கிட்டத்தட்ட 16 மாதம், நிற்காமல் இந்தப் பிளாட்பாரத்தைத் தாண்டி ஓடியிருக்கின்றன. அதற்கும் முன்னால், 1960இலிருந்து 1966 வரை, முதல் வகுப்பு மட்டுமே கொண்ட நீல நிற மிட்லண்ட் புல்மன் ரயில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பறந்துகொண்டிருந்தது, வடமேற்கிலிருந்து லண்டன் போகும் இன்னொரு முக்கியப் பாதையில் மின்மயமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த வரை. வேலை முடிந்ததும் இந்தப் பக்கம் தேவைப்படவில்லை. அந்தப் புல்மன் பேக்வெல்லில் ஒரு நாளும் நின்றதில்லை. தலைப்பை மாற்றிவிட்டேன் ஐயா. அமைச்சரையும் தலைப்பில் போடாதே, கணக்குப் பார்த்து மூடியது ஒரு ஆள் இல்லை என்று நீங்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன்.

மேட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்தில் உதவியவர்களுக்கும் நன்றி. பேனாவோடு போய் நின்றவனுக்குப் பென்சில் கொடுத்து, பழைய வரைபடத்தை விரித்துப் போட்டு, பூதக்கண்ணாடியும் கொடுத்தீர்கள். சரக்கு முற்றமும் பக்கத்துப் பாதைகளும் இருந்த இடத்தில் இன்றைக்குத் தொழிற்கூடங்கள் நிற்கின்றன, வரைபடம் இல்லாமல் எனக்கு அது பிடிபட்டிருக்காது.

ரஸ்கின் விஷயத்தில் என் காதைத் திருகியது நாட்டிங்ஹாம் அக்கா. காந்தி தன் குருமார்களில் ஒருவராகச் சொன்ன அதே ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின், இந்த ரயிலைப் பார்த்துக் கொதித்துப் போய் எழுதினார்: பக்ஸ்டனில் இருக்கும் முட்டாளெல்லாம் அரை மணியில் பேக்வெல் வரலாம், பேக்வெல் முட்டாளெல்லாம் பக்ஸ்டன் போகலாம், இதற்காகவா அந்தத் தெய்வீகமான பள்ளத்தாக்கைக் கெடுத்தீர்கள் என்ற பொருளில். பாதை போடாமல் தடுக்க அவர் அப்படி எழுதினார் என்று நான் கதை கட்டியிருந்தேன். அக்கா வருஷத்தைப் பார்த்தார். எழுதியது 1871, ரயில் ஓட ஆரம்பித்து எட்டு வருஷம் கழித்து. அது எதிர்ப்பு இல்லை, ஒப்பாரி என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். ரஸ்கினைக் கோபப்படுத்திய கட்டுமானத்தில் ஒன்றான ஹெட்ஸ்டோன் பாலத்தின் மேல் நின்றுதான் இன்றைக்கு எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், நம் குழுப் படமும் அங்கே எடுத்ததுதான். ரஸ்கினுக்குத் தெரிந்தால் இன்னொரு கடிதம் எழுதியிருப்பார்.

அக்காவுக்கே இன்னொரு நன்றியும் உண்டு, மொழிக்காக. நான் ஒரு பக்கத்தில் நடைமேடை, இன்னொரு பக்கத்தில் பிளாட்பாரம், ஒரு இடத்தில் தொடர்வண்டி நிலையம் என்று இஷ்டத்துக்கு எழுதியிருந்தேன். "நீ வீட்டில் எப்படிச் சொல்வாய்?" என்று மட்டும் கேட்டார். பிளாட்பாரம், ஸ்டேஷன் என்றேன். கையேடு முழுக்க அப்படியே ஆகிவிட்டது. பாலத்துக்கு மட்டும் நாங்கள் இரண்டு வாரம் சண்டை போட்டோம். மேம்பாலம் என்றால் கோயம்பேடு ஞாபகம் வருகிறது என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் வளைவுப் பாலம்.

படங்கள் எடுத்த ஷெஃபீல்டு தம்பிக்கு: ஆளில்லாத பிளாட்பாரம் வேண்டும் என்று நான் கேட்டதற்காக ஜனவரியில் விடியுமுன் வந்து நின்றாய், விரல் விறைத்துப் போய்த் தெர்மாஸ் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. அட்டைப் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள். கட்டடத்தில் இன்று வேலை செய்கிறவர்கள், கல் சின்னத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் இரண்டு பேரையும் சந்தேகப்படாமல் டீ கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

என் மகளுக்குத் தனியாக. தண்டவாளம் கிடந்த இடத்தில் போட்ட நடைபாதையான மான்சல் பாதை 1981இலேயே திறந்தாலும் பெரிய சுரங்கங்களைப் பாதுகாப்புக் காரணத்தால் மூடியே வைத்திருந்தார்கள், 2011 மே மாதம்தான் விளக்குப் போட்டுத் திறந்தார்கள் என்று நான் விளக்கிக்கொண்டே வந்தேன். நீ எதையும் கேட்காமல் ஹெட்ஸ்டோன் சுரங்கத்தை அடி எண்ணிக்கொண்டே நடந்தாய். எழுநூற்று நாற்பத்தெட்டு என்றாய். புத்தகத்தில் 487 மீட்டர். உன் அடியை வீட்டில் அளந்து பெருக்கிப் பார்த்தோம், ஏறக்குறைய சரியாக வந்தது! கஜமா மீட்டரா என்று அப்பா சொதப்பிய கையேட்டில் நீ அளந்த அளவு சரி. ஹாடன் சுரங்கத்தையும் எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தாய், அது இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது, நடைபாதை பேக்வெல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடுகிறது.

தெற்கே மேட்லாக்கிலிருந்து ரோஸ்லி வரை தன்னார்வலர்கள் நடத்தும் பீக் ரயில் நீராவி வண்டிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருநாள் அது பேக்வெல் வரை வரலாம் என்ற ஆசை அங்கே பலருக்கும் உண்டு. சைக்கிள்காரர்களுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை. நான் சைக்கிளும் ஓட்டுகிறேன், ரயிலும் பிடிக்கும், அதனால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் வழவழா கொழகொழாவாகத்தான் எழுதியிருப்பேன், மன்னிக்கவும்.

அப்புறம், இத்தனை பேர் பார்த்தும் ஒரு தப்பு தப்பித்துவிட்டது, அது முழுக்க என் வேலை. 23ஆம் பக்கத்தில் ஹாசப் ஸ்டேஷன் மூடிய வருஷம் 1924 என்று அச்சாகியிருக்கிறது. 1942 என்பதுதான் சரி. கையில் பிரதி இருப்பவர்கள் பேனாவால் மாற்றிக்கொள்ளுங்கள். மீதி அறுபது பிரதியையும் நானும் மகளும் இந்த வாரம் கையாலேயே திருத்துகிறோம், அடுத்த நடைக்குக் கொண்டுவருவேன்.

அன்புடன்,
டெர்பியிலிருந்து உங்கள் நண்பன்