பெயர் சொல்லாமல் கட்டணம் கட்டியவருக்கு நன்றி

ஐயாவோ அம்மாவோ, யாரென்று தெரியாமலே வணங்குகிறேன்.

வேலூர் சி.எம்.சி. 2006-இல் தொடங்கிய தொலைநிலைக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பில் நான் சேர்ந்தபோது, இரண்டாண்டுக் கட்டணத்தையும் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். "பெயர் வேண்டாம் என்கிறார்" என்று மட்டுமே எனக்குச் சொன்னார்கள்.

கிராமத்து மருத்துவர் வேலையை விடாமலே படிக்கலாம் என்பதுதான் இந்தப் படிப்பின் அருமை. சர்க்கரை நோயாளியைக் கண்மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்டுப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் கற்றேன். போன வாரம் ஒரு பாட்டி, கால் பெருவிரலில் எதுவுமே தெரியவில்லை என்றார். உணர்ச்சி இல்லாத காலில் காயம் பட்டாலும் தெரியாது. புண் வருமுன்பே செருப்பை மாற்றச் சொன்னேன். தினமும் பாதத்தை எப்படிப் பார்ப்பது என்று மருமகளுக்கும் காட்டிக்கொடுத்தேன். இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பழகிய கை போதும்.

இதய அறுவை சிகிச்சைக்கு உதவ நல்ல மனம் படைத்தவர்கள் முன்வருகிறார்கள். சாதாரண மருத்துவரைத் தேர்ந்த மருத்துவராக்கச் செலவழிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? என் ஆசிரியப் பயிற்சிக்கும் நீங்களே கொடுத்தீர்களாம். அதனால் இப்போது இரண்டு இளம் மருத்துவர்களுக்கு நானும் சொல்லித்தருகிறேன்.

மனமார்ந்த நன்றி. எங்கள் பக்கம் வந்தால், பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.