டீச்சருங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் பயிற்சி போதாதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. பாலக்காடு சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்துல படிக்கிற என் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவான், அது டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாடுன்னு தெரியவே மூணாங்கிளாஸ் ஆயிருச்சு, அதுவரைக்கும் சோம்பேறின்னு கடைசி பெஞ்சுல உக்கார வெச்சாங்க, டீச்சரம்மா மேல கோபமில்லங்க, அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு, டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. 2020 கல்விக் கொள்கையில டீச்சர் ஒருத்தருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சின்னே இருக்கு. டீச்சருங்கள வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டு ஸ்லைடு காட்டி அனுப்பினா எப்படிங்க பத்தும்? இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே பயிற்சி எடுத்த ரிசோர்ஸ் டீச்சர் கிளாசுலயே கூட உக்காந்து, இந்தப் பிள்ளைக்கு கேள்விய வாசிச்சுக் காட்டி வாயால பதில் வாங்குறது எப்படின்னு மாசாமாசம் செஞ்சு காட்டணும். அதையும் மலையாளத்துல மட்டும் நடத்தாம தமிழ்லயும் நடத்துங்க, எங்க டீச்சருங்களும் தயங்காம சந்தேகம் கேப்பாங்க.

ஒரு அம்மா, சித்தூர், பாலக்காடு மாவட்டம்