திங்கட்கிழமை விடுமுறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். 'எல்லா நாளும் திறந்திருக்கும், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் அங்கே போய் வந்து எழுதினாரா, படத்தைப் பார்த்தே எழுதினாரா என்று தெரியவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த மகளின் பிள்ளைகள் இருவரும் செவ்வாய்க்கிழமை ரயிலில் திரும்ப வேண்டியவர்கள். அதனால் மறுநாளே உங்கள் அரைப்பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கட்டுச்சோறும் ஏத்தங்காய் வற்றலுமாக நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நின்று நின்று (ரோட்டின் லட்சணம் தாங்கள் அறியாததல்ல) போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கேட் பூட்டியிருந்தது. "சாரே, இன்னு திங்களாழ்ச்சயல்லே" என்றார் காவலாளி. அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்னவன் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே எங்கோ சிங்கம் ஒருமுறை உறுமியது. "பாட்டா, அது உள்ளதானே இருக்கு, பின்ன ஏன் விடமாட்டேங்கிறாங்க?" என்றான். இதற்குப் பதிலைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கும் புத்தி இருந்திருக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்று தெரிந்தவன் இதையும் யோசித்திருக்கலாம். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே வயதாகிவிட்டது.

அரண்மனை என்றதும் நினைவு வருகிறது. சென்ற ஆண்டு அதன் படத்தைப் போட்டு 'பத்மநாபபுரம், கேரளா' என்று அடியில் எழுதினீர்கள். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, சரி. ஆனால் அது நிற்கிற மண் தக்கலைப் பக்கம், குமரி மாவட்டம். தபால் அட்டை போட்டேன், பதில் இல்லை. சிதறால் மலையிலுள்ள சமணத் தீர்த்தங்கரர்களை நீங்கள் புத்தராக்கியபோதும் எழுதினேன். அதுவும் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

அப்புறம் அந்த அரை மணி நேரம். மொத்த வளாகம் 55 ஏக்கர், ஐயா! 1857-ல் மியூசியம் வந்தது, 1859-ல் மிருகங்களும் பூங்காவும் சேர்ந்தன. அது தாவரத் தோட்டமும்தான் என்பதற்கு உங்கள் அரைப்பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அங்கே பாதிக் காட்சி மரங்கள். குமரி தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை எங்களுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகர். அப்பா ஏதோ சர்க்கார் கச்சேரி வேலையாகப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். நீர்யானை வாயைப் பிளந்ததைப் பார்த்துப் பயந்து ஓடி ஒரு மரத்தின் வேருக்குப் பின்னால் ஒளிந்தேன். தலைகூட வெளியே தெரியாத அளவுக்கு உயரமான வேர். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசையே. புலி, சிங்கமெல்லாம் அவர்கள் வண்டலூரிலேயே பார்த்தாயிற்று.

கடைசியில் வெளித்தோட்டத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நேப்பியர் மியூசியத்துக்கும் அன்று விடுமுறை. "உங்க ஊர் செனட் ஹவுஸைக் கட்டின சிஷோம்தான் இப்போ நிக்கிற இந்தக் கட்டடத்தையும் கட்டினார், 1880-ல் முடிஞ்சது" என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவள் செல்போனை எடுத்துக்கொண்டாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், ஒரு மூலையிலாவது, 'திங்கட்கிழமை விடுமுறை' என்று இரண்டு சொல் போடுங்கள். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோட்டாறு