வெஸ்பாவின் குளிரூட்டும் உறையைக் கழற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வெஸ்பா ஸ்கூட்டர்களைப் புதுப்பித்து ஓட்டும் நம் பினாங்கு இளைஞர்கள் சிலர், 150 சிசி இயந்திரத்தில் 177 சிசி சிலிண்டரைப் பொருத்திய பின், குளிரூட்டும் உறை சரியாக உட்காரவில்லை என்று அதைக் கழற்றிவிடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. பல மோட்டார் சைக்கிள்களின் சிலிண்டர் எதிர்க்காற்றில் குளிரும்; வெஸ்பாவின் சிலிண்டர் அப்படிக் குளிர்வதில்லை. பக்க மூடிக்குள் மறைந்திருக்கும் சிலிண்டரின் குளிரூட்டும் தகடுகளுக்கிடையே, இயந்திரத்தோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் விசிறி தள்ளும் காற்றைச் செலுத்துவதே அந்த உறையின் வேலை. உறை இல்லையேல் காற்று வெளியே சிதறி, சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

என் தம்பி மகன் அப்படித்தான் உறையைக் கழற்றிவிட்டு, 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தில் வேகமாகப் போனபோது பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. கிளட்சை உடனே பிடித்ததால் பிழைத்தான். கழற்றிப் பார்த்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் நீளநீளமான கீறல்கள். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது.

உறை சரியாக உட்காராவிட்டால், அதன் உட்புறத்தில் சிறிது களிமண்ணை ஒட்டி மாட்டிப் பார்த்தால், முட்டும் இடத்தில் தடம் விழும். அங்கு மட்டும் அராவினால் போதும். பிளாஸ்டிக் உறையானால், எக்சாஸ்ட் குழாயில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வெஸ்பா பிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு